திருத்தணியில் மிதந்த மிளகு

கனகம்மாசத்திரத்துக்கு அரை மைல் இருக்கும்போது எங்கள் பஸ்ஸின் பின்சக்கரம் வெடித்தது. டிரைவர் இறங்கிப் போய் ஸ்டெப்னியைத் தட்டிப் பார்த்தார். அதிலும் காற்றில்லை. அவர் ஒரு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்ததும், பயணிகள் ஒரு கேள்வியும் கேட்காமல் மூட்டை முடிச்சுகளை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள். சிங்கப்பூரில் பஸ் ஐந்து நிமிடம் தாமதமானாலே நான் முணுமுணுப்பேன். இங்கே எனக்கு முன்னால் தலையில் கூடையோடு நடந்த ஒரு அம்மாள், பஸ்ஸில் பாதியில் விட்ட கதையை விட்ட இடத்திலிருந்தே பக்கத்தில் வந்தவளிடம் சொல்லிக்கொண்டு போனாள்.

சத்திரத்துச் சாலையோரக் கடையில் டீயும் போண்டாவும் கிடைத்தன. போண்டாவில் மிளகை முழுசாகப் போட்டிருந்தார்கள். ஒன்றைக் கடித்ததும் நான் என்னை மறந்து, "இது மலையாளக் கரைச் சரக்கு. போன வருஷத்து மிளகு. ஈரமான இடத்தில் வைத்திருக்கிறார்கள்" என்றேன். கடைக்காரர் கரண்டியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். என் கணவர் என் கையைப் பிடித்து வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார்.

"ஊருக்குள்ள போனதும் மிளகைப் பத்திப் பேசிக்கினு இருக்காத, பாக்கியம்" என்றார். சொந்த ஊர் நெருங்க நெருங்க அவர் பேச்சு மாறிக்கொண்டே வந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

விஷயம் இதுதான். நான் சிங்கப்பூரில் ஒரு மிளகுக் குடோனில் இருபத்திரண்டு வருஷமாகச் சரக்குப் பொறுக்குகிறவள். பிறந்தது பக்கத்து ஜொகூரில் ஒரு மிளகுத் தோட்டத்தில். இவர் திருத்தணியில் நெசவு வீட்டில் பிறந்து, பிழைப்புக்குக் கப்பலேறி வந்தவர். வீட்டைக் கேட்காமல் என்னைக் கட்டிக்கொண்டார். ஊரில் கோபப்பட்ட தாயைச் சமாதானப்படுத்த, பெண் படித்தவள், ஆபீசில் வேலை பார்க்கிறாள் என்று கடிதம் எழுதிவிட்டார். தாய் போய்ச் சேர்ந்துவிட்டார். பொய் மட்டும் உயிரோடு இருந்தது. இப்போது அவர் தம்பி முனிரத்தினத்தின் மகள் வசந்தாவுக்குக் கல்யாணம். எழுபதுகளின் நடுவில் ஒரு வைகாசி மாதம், முதல் முறையாக நான் இந்தியா வந்திருந்தேன்.

"நாலு நாள்தான்" என்றார் இவர். சரியென்று தலையாட்டினேன். அது பெரிய கஷ்டமாக அப்போது தோன்றவில்லை.

வேறு பஸ் பிடித்து இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்ததால், மறுநாள் விடிந்ததும்தான் வீடு தெரிந்தது. முன்கட்டில் இரண்டு தறிகள். கல்யாணத்துக்காக அவற்றை நிறுத்தியிருந்தாலும் தெருவில் மற்ற வீடுகளிலிருந்து தறிச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. முனிரத்தினத்தின் மனைவி சரோஜா கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைத் துவையலும் வைத்தாள். களியைக் கடிக்கக் கூடாது, உருட்டி விழுங்க வேண்டும் என்று வசந்தா எனக்குக் காட்டிக் கொடுத்தாள். நான் இரண்டு உருண்டை விழுங்கியதைப் பார்த்துப் பெண்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஆபீஸ்காரி களி தின்கிறாள் என்ற சந்தோஷம் அது.

வெயில் என்னைத் திகைக்க வைத்தது. எங்கள் ஊர் வெயிலில் வியர்வை வழியும். இந்த வெயிலில் வியர்வை வருவதற்கு முன்பே காய்ந்துவிடுகிறது. முற்றத்தைப் பார்த்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது. ஜொகூரில் மிளகைப் பறித்துப் பாயில் பரப்பினால் பாதி நாள் மழைக்குப் பயந்து பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடுவோம். இங்கே பரப்பினால் பச்சை மிளகு மூன்றே நாளில் கறுத்துச் சுருங்கிக் கலகலவென்று ஆகிவிடும். இப்படியொரு வெயிலை வைத்துக்கொண்டு இவர்களிடம் ஒரு மிளகுக் கொடிகூட இல்லையே என்று நினைத்தேன்.

வசந்தாவிடம் மட்டும் கொஞ்சம் வாய் திறந்தேன். மிளகு மரத்தில் காய்க்கும் என்று அவள் நினைத்திருந்தாள். கொடி என்றேன். இலை வெற்றிலை மாதிரியே இருக்கும், கணுவுக்குக் கணு சின்ன வேர் விட்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும், சரம் சரமாகக் காய் தொங்கும், ஒரு சரத்தில் ஒன்றிரண்டு சிவந்தால் பறிக்க நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். அதே காயை நன்றாகப் பழுக்க விட்டு, ஊறப் போட்டுத் தோலை உரித்தால் வெள்ளை மிளகு.

"ரெண்டும் ஒரே கொடியா பெரியம்மா? உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

புத்தகத்தில் படித்தேன் என்றேன். அவள் நம்பினாள். அதுதான் உறுத்தியது.

அன்று பகல் மாப்பிள்ளையின் தாய்மாமன் தன் மனைவியோடு கல்யாண ஏற்பாடு விஷயமாக வந்தார். ஆந்திரப் பக்கத்து ஊர்க்காரர். தமிழும் தெலுங்கும் கலந்து பேசினார். ஏதோ இங்கிலீஷ் காகிதத்தை என்னிடம் நீட்டி, "அம்மா ஆபீஸ்ல இருக்கறவங்க, இது இன்னா சொல்லுது பாருங்க" என்றார். எனக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும். கண்ணாடியைக் கப்பலில் விட்டுவிட்டேன் என்று சொன்னேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது. காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் என் விரல்களைப் பார்த்தார். மிளகு பொறுக்குகிற கையில் விரல் நுனி தடித்துப் பளபளப்பாகிவிடும். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு எந்தச் சோப்புக்கும் போகாது.

வெளியே போகும்போது அவர் தன் மனைவியிடம் தெலுங்கில் சொன்னது காதில் விழுந்தது. "ஆபீஸ்காரியாம். கையைப் பார்த்தால் களத்துமேட்டுக் கையாக இருக்கிறது." எங்கள் குடோனில் தெலுங்குப் பெண்கள் மூன்று பேர் உண்டு. இத்தனை வருஷத்தில் அந்தப் பாஷை எனக்கு நன்றாகவே புரியும்.

முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டேன். மறைத்த பிறகு என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

மூன்றாம் நாள் மலையேறினோம். படிகளில் ஏறத் தொடங்குமிடத்தில், கீழே, ஒரு பெண் சாக்கு விரித்து உப்பும் மிளகும் பொட்டலம் கட்டி விற்றுக்கொண்டிருந்தாள். பிரார்த்தனை உள்ளவர்கள் அதை வாங்கிக்கொண்டு போய்ச் செலுத்துவார்களாம். அவள் பெயர் தனம்மா. என்னைவிட நாலைந்து வயது சின்னவளாக இருக்கலாம். பொட்டலத்துக்கான மிளகு ஒரு கூடையிலும், தனியாக நல்ல துணிப்பையில் வேறு மிளகும் இருந்தது.

கை தானாகப் பைக்குள் போய்விட்டது. ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் உருட்டி, கட்டை விரலால் அழுத்தினேன். எங்கள் குடோனில் ஆ லான் என்கிற சீனத்தி, நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் அது. சுத்தமான மிளகு. ஆனால் முற்றும் முன்பே பறித்தது. பாதிக்குமேல் உள்ளே பொக்கு.

தனம்மா என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரக்கு பாக்கறவங்களா நீங்க?" என்றாள்.

"இல்லை" என்றேன்.

"பாத்தா அப்படித் தெரியுதுங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டு, அந்தப் பை முனிரத்தினம் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிற மிளகு என்றாள். கொல்லிமலைப் பக்கத்திலிருந்து வருகிற ஒருவனிடம் வாங்குகிறாளாம். புருஷன் இல்லை. இந்தச் சாக்கு விரிப்புதான் அவளுக்கு எல்லாம்.

படிகளில் ஏறும்போது இவர் எண்ணிக்கொண்டே வந்தார். நான் எண்ணவில்லை. தனம்மாவிடம் நான் சொன்ன 'இல்லை' என்ற அந்த ஒற்றைச் சொல்லே என்னோடு ஏறிவந்தது. உச்சியில் காற்று அள்ளிக்கொண்டு போயிற்று. கீழே ஊரும், குளமும், தறிக்காக வெயிலில் உலர்த்தப் போட்ட பாவு நூல் வரிசைகளும் தெரிந்தன. சாமி கும்பிட்டபோது ஒன்றும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் கல்யாண மண்டபத்துக்குப் போனோம். ஜட்கா வண்டிக்குதிரை பாதி வழியில் நின்று, என்ன சொல்லியும் நகராமல், எதிரே வந்த புல்லுக்கட்டின் பின்னால் திரும்பி நடக்கத் தொடங்கியது. அதனால் நாங்கள் போய்ச் சேரச் சற்று நேரமாகிவிட்டது. உள்ளே நுழையும்போதே சமையற்கட்டில் கூட்டம்.

சமையல் மாஸ்டர் கோவிந்தசாமி ஒரு பித்தளைச் சொம்பு நிறையத் தண்ணீர் வைத்து, அதில் ஒரு பிடி மிளகைப் போட்டிருந்தார். பாதி மிதந்தது. சுற்றிலும் மாப்பிள்ளை வீட்டார். தாய்மாமன் முன்னால் நின்றார். தனம்மா சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

மாஸ்டர் கெட்ட மனிதர் இல்லை. அவர் கதையை அங்கேயே சொன்னார். முன்பு ஒரு பெரிய கல்யாணத்தில் மிளகோடு பப்பாளி விதையைக் கலந்து யாரோ கொடுத்துவிட்டார்கள். பொங்கல் கசந்துபோய், பந்தியில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. அன்றிலிருந்து அவர் தண்ணீரில் போட்டுப் பார்க்காமல் மிளகை அடுப்புப் பக்கம் விடுவதில்லை. மிளகு முழுகும், பப்பாளி விதை மிதக்கும். அவருக்குத் தெரிந்த சோதனை அது ஒன்றுதான்.

தாய்மாமன் முனிரத்தினத்தைப் பார்த்து, சம்பந்தி வீட்டில் சாப்பாட்டுக்கே கலப்படமா என்று கேட்டார். முனிரத்தினம் முகம் செத்துப்போயிற்று. அந்தக் கோபத்தைத் தனம்மா மேல் திருப்பினார். நாளையிலிருந்து படிக்கட்டுப் பக்கம் சாக்கு விரிக்கக் கூடாது, நானே எல்லாக் கடைக்காரர்களிடமும் சொல்லி வைக்கிறேன் என்றார்.

"நான் கலக்கலைங்க" என்றாள் தனம்மா. அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டுக் கூட்டத்தில் என்னைப் பார்த்தாள்.

என் கணவரும் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று அவர் கண் சொல்லியது. எனக்கு அந்த இரண்டு பார்வைக்கும் நடுவில் நிற்க முடியவில்லை.

பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போனேன். சரோஜாவிடம் ஒரு தாம்பாளமும் ஒரு முறமும் கேட்டேன். சொம்பில் மிதந்ததை அள்ளித் தாம்பாளத்தில் போட்டேன்.

"மாஸ்டர், இதில் ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பாருங்க" என்றேன்.

அவர் கீறினார். மேல்தோல் உடைந்து தூளாயிற்று. உள்ளே ஒன்றுமில்லை. மோந்து பார்க்கச் சொன்னேன். மோந்தார். நாக்கில் வைக்கச் சொன்னேன். வைத்ததும் அவர் கண் கலங்கியது, காரத்தால்.

"பப்பாளி விதை முட்டை மாதிரி நீளமா இருக்கும். கீறினால் இப்படித் தூளாகாது. இந்த வாசனையும் வராது. இது மிளகுதான். முற்றும் முன்னால் பறிச்சுட்டாங்க. உள்ளே பருப்பு கட்டலை, அதனால் மிதக்குது. கலப்படம் ஒரு விதைகூட இல்லை. ஆனால் நல்ல சரக்கும் இல்லை. தனம்மா, உன்கிட்ட வித்தவன் உன்னை ஏமாத்தியிருக்கான்."

தாய்மாமன் விடவில்லை. ஒரு பிடியில் இல்லாவிட்டால் பை முழுக்க இல்லை என்று எப்படிச் சொல்வது என்றார். நியாயமான கேள்வி.

தரையில் உட்கார்ந்தேன். பையைக் கவிழ்த்து முறத்தில் கொட்டச் சொன்னேன். அதற்குப் பிறகு எனக்கு மண்டபமும் தெரியவில்லை, மனிதர்களும் தெரியவில்லை. முறத்தைத் தட்டினால் கனமான மிளகு என் பக்கமாக வந்து தங்கும், பொக்கு முன்னால் ஓடும். ஓடியதைத் தாம்பாளத்தில் தள்ளி, தங்கியதை விரலால் பரப்பி, காம்பையும் கல்லையும் பொறுக்கி எறிந்தேன். இரண்டு கையும் தனித்தனியாக வேலை செய்யும். கண் எதைப் பார்த்ததோ அதை விரல் அதற்கு முன்பே எடுத்திருக்கும். சிங்கப்பூரில் இதை யாரும் நின்று பார்ப்பதில்லை. முப்பது பெண்கள் வரிசையாகச் செய்கிற வேலை. இங்கே தவில்காரர்கள்கூட வந்து எட்டிப் பார்த்தார்கள்.

பை காலியானபோது என் முன்னால் மூன்று குவியல். கனமான மிளகு, பொக்கு மிளகு, ஒரு கைப்பிடி குப்பை. பப்பாளி விதை எதிலும் இல்லை. கனமான குவியலிலிருந்து ஒரு பிடி எடுத்து மாஸ்டர் சொம்பில் போட்டேன். ஒன்றுவிடாமல் அடியில் போய் உட்கார்ந்தது.

"இதை முழுசாப் பொங்கலுக்குப் போடுங்க. பொக்கை இடிச்சு ரசத்துக்கு வச்சுக்கோங்க, காரம் அதிலும் இருக்கு" என்றேன்.

கோவிந்தசாமி மாஸ்டர் தனம்மா பக்கம் திரும்பிக் கைகூப்பினார். தப்பாகச் சொல்லிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே என்றார். அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

அப்போது வசந்தா கேட்டாள். மணப்பெண் அலங்காரம் பாதியில் இருந்தது, ஒரு காதில் மட்டும் ஜிமிக்கி. "பெரியம்மா, இதெல்லாம் புஸ்தகத்துலயா படிச்சீங்க?"

 என் கணவர் தூணருகே தலைகுனிந்து நின்றார். அவரைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் மறுபடி ஒருமுறை இல்லையென்று சொல்லவும் முடியவில்லை.

"இல்லம்மா. நான் மிளகுக் குடோனில் வேலை செய்யறேன். சரக்குப் பொறுக்கறதுதான் என் வேலை. ஆபீஸ் இல்லை. எனக்கு இங்கிலீஷும் தெரியாது" என்றேன். தாய்மாமனைப் பார்த்து அதைத் தெலுங்கிலும் சொன்னேன்.

அவர் முகம் சிவந்தது. இரண்டு நாளுக்கு முன் அவர் பேசியது எனக்குப் புரிந்துவிட்டது என்பது அவருக்கு இப்போது புரிந்தது. குனிந்து, கனமான குவியலிலிருந்து நாலு மிளகை எடுத்து, கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, பத்திரமாகத் திரும்ப வைத்தார்.

முனிரத்தினம் அண்ணனிடம் போனார். சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன்.

"ஏண்ணா, இம்மாம் பெரிய கெட்டிக்காரிய வச்சிகினு, ஆபீசு கீபீசுன்னு எதுக்கு எழுதின?" என்றார்.

"அம்மாவுக்குப் பயந்து எழுதினேண்டா. அப்புறம் மாத்தி எழுதத் தைரியம் வரலை" என்றார் இவர்.

முனிரத்தினம் சிரித்துவிட்டார். சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு என்னிடம் வந்து, "அண்ணி, எழுந்து வாங்க, தரை சுடும்" என்று தானே முறத்தை வாங்கிக்கொண்டார். அவர் போகும் வழியில் தனம்மாவிடம் நின்று, நாளைக்கும் சாக்கு விரி, கல்யாணத்துக்கு வருகிறவர்கள் எல்லோரையும் உன்னிடம்தான் வாங்கச் சொல்வேன் என்றார்.

மறுநாள் காலை முகூர்த்தம் முடிந்து முதல் பந்தியில் வெண்பொங்கல் வந்தது. நெய்யில் வெடித்த மிளகு வாசனை மண்டப வாசல்வரை போயிற்று. தாய்மாமன் மூன்று தடவை கேட்டு வாங்கினார். நான் எதிர்ப்பந்தியில் இரண்டு கையையும் இலைக்கு இருபுறமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ நாட்டுக்கு என் கை தொட்ட மிளகு போயிருக்கிறது. யார் தின்றார்கள் என்று நான் பார்த்ததில்லை. நானூறு பேர் என் கண்முன்னால் தின்றதை அன்றுதான் பார்த்தேன்.

அதற்கு மறுநாள் மலையடிவாரத்துக்குக் கூப்பிட்டனுப்பினார்கள். போனால், தனம்மாவோடு நாலைந்து வியாபாரிகள் காகிதத்தில் மிளகை மடித்து வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னேன். ஒருவர் சரக்கு பூசணம் பிடித்தது, ஒருவர் சரக்கு முதல் தரம், ஒருவரது கலப்படம். கலப்படக்காரர் வாங்கின இடத்தைத் திட்டினார், என்னை இல்லை. கட்டை விரலால் உருட்டும் முறையைத் தனம்மா அரை மணி நேரத்தில் பிடித்துக்கொண்டாள். கடைசியாக நான் வைத்த இரண்டு பிடியை அவளே சரியாகப் பிரித்துச் சொன்னாள். அடுத்த முறை கொல்லிமலைக்காரன் வரட்டும் என்று மட்டும் சொன்னாள்.

திரும்புகிற பஸ்ஸில் எங்களுக்கு முன்சீட்டில் ஒரு பெரியவர், திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு போட்டிருப்பவர். எந்த ஊர், என்ன வேலை என்று இவரை விசாரித்தார். இவர் துறைமுகத்தில் செக்கர் வேலை என்றார். அம்மா வேலைக்குப் போவதில்லை, வீட்டோடுதானே என்று பெரியவர் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் ஆரம்பித்துவிட்டார். என் சம்சாரம் மிளகு பார்க்கிறவள் என்றார். தொட்டாலே எந்த ஊர் மிளகு என்று சொல்லிவிடுவாள் என்றார். குடோன் முதலாளி இவளைக் கேட்காமல் ஒரு மூட்டையைக் கப்பலில் ஏற்றமாட்டார் என்றார். அந்த முதலாளி என்னிடம் இதுவரை நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு நாளைக்குப் பத்து மூட்டை பார்ப்பாள் என்றார். நான் இரண்டு பார்த்தால் அதிகம். பெரியவர் திரும்பி உட்கார்ந்து, சீட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார். பின்சீட்டிலிருந்தவர்களும் கழுத்தை நீட்டினார்கள். இவர் குரலை உயர்த்திக்கொண்டார்.

பூந்தமல்லி வரும்வரை அவர் நிறுத்தவில்லை. நான் ஒரு இடத்திலும் திருத்தவில்லை.